ஓதம்

காப்பீட்டுக்காரர் தொலைபேசியில் கேட்கிறார்:
கடலிலிருந்து உங்கள் வீடு எத்தனை மீட்டர்?
எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை போலிருக்கிறது.

கிரேட் யார்மத்தில் கடல் முன்வாசலால் வருவதில்லை.
முன்பக்கம் அது வெறும் கோடைக்கால வியாபாரி:
கழுதைச் சவாரி, சில்லறை விழுங்கும் எந்திரங்கள்,
காகிதத்தில் மடித்த மீன்.
யாரும் பார்க்காத நேரம் ஆற்றைச் சுற்றிக்கொண்டு வந்து
எங்கள் தெருவின் கொல்லைக் கதவைத் தட்டும்.

ஆறு வருடமாக இங்கேதான்.
சைக்கிள் சங்கிலி மாசம் தவறாமல் துருப்பிடிக்கிறது.
கடற்காகங்களுக்குச் செவ்வாய்க்கிழமை தெரியும்,
குப்பை வண்டிக்கு முன்னால் வந்து பையைக் கிழித்துவிடுகின்றன.
கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறை.
பூச்சு வேலைக்கு வந்தவன் அதற்கொரு பெயர் சொன்னான்,
ஆற்றில் ஏறும் தண்ணீருக்கு இன்னொன்று.
எனக்கு இரண்டும் ஓதம்தான்.
வெளியே ஏறினாலும் ஓதம், உள்ளே ஏறினாலும் ஓதம்.

போன ஜனவரி, ஒரு வெள்ளி.
நான் வெள்ளக் காவலர். சம்பளம் கிடையாது,
மஞ்சள் சட்டை உண்டு, டார்ச் உண்டு,
இருபத்தாறு வீடுகளின் பட்டியல் உண்டு.
பத்து நாற்பதுக்கு உச்சம் என்றார்கள்.

அடெலீனோ குளிர்பெட்டியை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தான்,
போர்த்துக்கீசில் அதைத் திட்டியபடி.
ஷானன் வந்தாள்: ஒரு கையில் குழந்தை,
மறு கையில் முயல் கூண்டு.
பள்ளிக்கூடத்தில் முயலைச் சேர்ப்பார்களா என்று
என்னிடம் கேட்டாள். எனக்கென்ன தெரியும்,
சேர்ப்பார்கள் என்றேன்.
பதினேழாம் எண் வாடகை விடுதி.
லெஸ்டரிலிருந்து வந்த நான்கு பேர்
நான் சொன்னதைக் கேட்டு மகிழ்ந்துபோய்
படம் எடுக்கப் பாலத்துக்கு ஓடினார்கள்.
அவர்களை மீட்டு வந்ததில் இருபது நிமிடம் போயிற்று.

ஒன்பதாம் எண், க்ளிஃபர்ட்.
கதவை நாலு விரல் திறந்தார்.
ஐம்பத்து மூன்றிலேயே நாங்கள் போகவில்லை, என்றார்.
அப்போது உங்களுக்கு என்ன வயது?
இரண்டு, என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.
'வர மறுத்தார்' என்று அவர் பெயருக்கு நேரே எழுதினேன்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதியதில்
கையெழுத்து கோணியது.

வீட்டில் சேந்தன் படிக்கட்டில் கொலு வைத்திருந்தார்.
மேல்படியில் பாஸ்போர்ட்டுகள், தையல் எந்திரம்.
அதற்குக் கீழே பிரிண்டர், மிக்ஸி, அவருடைய வேலைக்கான பூட்ஸ்.
மூன்றாம் படியில் இருபது கிலோ அரிசி,
தனியாக, மரியாதையாக.

தண்ணீர் அலையாக வரவில்லை.
சாக்கடை மூடியின் துளைகள் வழியே
பால் பொங்குவதுபோல் சத்தமில்லாமல் வந்தது.
தெருவிளக்கு தலைகீழாகத் தெரிந்தது.
ஒரு சாண். ஒன்றரைச் சாண்.
வாசற்கல்லுக்கு ஒரு செங்கல் கீழே நின்று
யோசித்தது.
பிறகு எங்கள் கால்மிதியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்று.

காலையில் தெரு முழுக்கச் சேறு, டீசல் நாற்றம்.
எல்லோருக்கும் கொஞ்சம் வெட்கம்,
கல்யாணம் நின்றுபோன வீட்டார் மாதிரி
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
சாமான்களை இறக்கினோம்.
கால்மிதி க்ளிஃபர்ட் வாசலில் கிடந்தது.
அவர் அதை அலசிக் கொண்டுவந்து கொடுத்தார்.
இரவெல்லாம் மாடியில், சப்பாத்து கழற்றாமல்
உட்கார்ந்திருந்த கண்கள்.

என்னைப் பற்றி என்ன எழுதினாய்?

காட்டினேன். பேனாவை வாங்கினார்.
நான் எழுதியதை அடிக்கவில்லை.
பக்கத்தில், பொடி எழுத்தில்:
'மறுபடி ஒரு தரம் கேட்கவும்.'

காப்பீடு நிராகரித்துவிட்டது, சேதம் ஏதுமில்லையாம்.
கறை மட்டும் ஒரு விரல் ஏறியிருக்கிறது.
அரிசி இன்னும் மூன்றாம் படியில்தான்.
சமையலுக்கு அங்கே போய் அள்ளிக்கொள்கிறேன்.